பேச்சுரிமையும் அதன் எல்லையும்
(மலைநாட்டு வரலாறு புகட்டும் பாடம்)

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது நம் மூத்தோர் வாக்கு. அதே மூத்தோர் “தவளை தன் வாயாற் கெடும்” என்றும் சொல்லி வைத்தனர். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இவ்விரு பழமொழிகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும். ஊன்றி நோக்கின், பேசினால்தான் வாழ்வு என்பதும், அளவறிந்து பேசினால்தான் நல்வாழ்வு என்பதும் ஒருங்கே பெறப்படும். பேச்சுச் சுதந்திரம் என்றும், அச்சுதந்திரத்தின் வரையறைகள் என்றும் இக்காலச் சட்ட அறிஞர் எழுதுகின்ற பெருநூல்கள் யாவும் இவ்விரு பழமொழிகளுக்கு வகுத்த விரிவுரைகளே எனலாம்.

அஞ்சாது பேசுதல் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. இறைவனே புலவராய் வந்து நின்றபோதும் பாட்டிற் குற்றங்கண்ட நக்கீரர் நம்மவர். பல்லவ மன்னன் ஆணை பிறப்பித்து ஆளனுப்பியபோது, வரமாட்டோம் என்று மறுத்துப் பதிகம் பாடிய அப்பரடிகள் நம் சமயாசாரியர். பாண்டியன் அவையில் தனியளாய் நின்று, அரசன் தவறினான் என்று அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த கண்ணகி நம் வழிபடு தெய்வம். காதுக்குக் கைக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் அரசனுடைய குடைநிழலிலேதான் உலகம் தங்கும் என்னும் கருத்தை வள்ளுவர் இறைமாட்சியிலே வைத்தார். அவரே பயனில சொல்லாமைக்கும் புறங்கூறாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். உரிமையும் எல்லையும் ஆகிய இரண்டையும் ஒருசேரச் சிந்தித்த மரபு நம்முடையது.

அத்தகைய மரபிலே வந்த நம் முன்னோர், இம்மலைநாட்டிலே நூறாண்டுகளுக்கு மேலாக வாய்பொத்தி வாழ நேர்ந்தது. அவர்கள் வாய் திறந்த வரலாறும், வாய் திறக்கும் உரிமை ஏட்டில் எழுதப்பட்ட வரலாறும், அவ்வேட்டில் நமக்கென இடப்பட்ட வரம்பும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை. அவற்றைச் சுருங்கச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளை, 1848

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். 1848ஆம் ஆண்டிலே தேசாதிபதி டொரிங்டன் பிரபு இலங்கை மக்கள்மீது புதிய வரிகளைச் சுமத்தினார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்பனவற்றோடு, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணங் கட்டுதல் வேண்டும் என்ற சட்டமும் வந்தது. அக்காலத்தே கொழும்பிலிருந்து வெளிவந்த ‘ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர் டாக்டர் கிறிஸ்தோபர் எலியட் என்பார். மக்களுக்குப் பிரதிநிதித்துவம் அளிக்காத அரசாங்கம் அவர்களிடம் வரி கேட்பது முறையோ என்னும் கருத்தமைந்த கடிதமொன்று, ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயருடன் 1848 ஜூலையில் அப்பத்திரிகையிலே வெளிவந்தது. அதன் சிங்கள மொழிபெயர்ப்பும் மக்களிடையே பரவிற்று.

அதே ஜூலை மாத இறுதியில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. அதற்குக் கடிதம் ஒன்றே காரணமன்று. நிலத்தை இழந்ததும் வரிச்சுமையும் மக்கள் மனத்தை ஏற்கெனவே கொதிக்க வைத்திருந்தன. தேசாதிபதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். வீரபுரன் அப்பு இராணுவ மன்றிலே விசாரிக்கப்பட்டு, ஆகஸ்டு 8ஆந் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த துறவியொருவர் காவியுடையுடனேயே கொல்லப்பட்டார். இச்செய்திகள் இலண்டன் பாராளுமன்றத்தை எட்டின. விசாரணைக் குழு அமைந்தது. டொரிங்டன் 1850இல் பதவி நீங்கிச் சென்றார்.

இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பத்திரிகையை நடத்திய டாக்டர் எலியட் அவர்கள் பிற்காலத்தில் அரசாங்க மருத்துவப் பகுதியின் தலைமைப் பதவியையும் பெற்றார். வரி கொடோம் என்று எழுந்த மலைநாட்டுக் குடியானவரோ இராணுவ மன்றின் முன் நிறுத்தப்பட்டனர். ஒரே காலத்தில், ஒரே பொருளைப் பற்றி, ஒருவர்க்கு எழுத இடமிருந்தது. மற்றவர்க்கு முறையான விசாரணைகூட இருக்கவில்லை. உரிமை என்பது ஆளுக்கேற்ப அளக்கப்பட்ட காலம் அது.

லயத்தின் மௌனம்

அந்நாளிலேயே நம் முன்னோர், மன்னார்க் கரையிலிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் வந்து, கோப்பித் தோட்டங்களிற் புகுந்தனர். பின்னர்க் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஆயினும் தோட்டத்தின் அமைப்பு மாறவில்லை. மேலே துரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, அடியிலே தொழிலாளி. விடியுமுன் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடும்போது வாய் திறப்பதே தொழிலாளியின் ‘பேச்சுரிமை’யாக இருந்தது. எதிர்த்துப் பேசியவனுக்குப் பற்றுச்சீட்டு எழுதப்பட்டது. பற்றுச்சீட்டு என்றால் வேலை மட்டுமன்று, லயத்துக் காம்பராவும் போயிற்று என்பதே பொருள்.

தோட்டம் தனியார் நிலமாதலால், வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உட்புகுதல் அத்துமீறற் குற்றமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே, கூட்டங் கூட்டவோ, துண்டுப் பிரசுரங் கொடுக்கவோ, உறவினரல்லாத ஒருவரை வரவழைத்துப் பேசக் கேட்கவோ தொழிலாளிக்கு வாய்ப்பில்லை. பேசுவோனைத் தடுக்கத் தனிச்சட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கேட்போனைச் சென்றடையும் வழியை அடைத்தமையே போதியதாயிற்று. பேச்சுரிமை என்பது பேசுபவனுடைய உரிமை மாத்திரமன்று, கேட்பவனுடைய உரிமையுமாகும் என்னும் உண்மையைத் தோட்டப்புற வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

இவ்வேலியை முதலில் உடைக்க முற்பட்டவர் தஞ்சைத் தரணியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அவர்கள். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தி, தோட்டத் தொழிலாளரின் துன்பத்தை அச்சிலேற்றிய பெருமகன் அவர். துணி வியாபாரிபோல் வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் அவர் சென்று வந்தாரென்று சொல்லப்படும் கதையை நம் முதியோர் பலர் அறிவர். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதிப் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, எழுத்தறியாத மக்களுக்கும் விளங்கும்படி, நாட்டுப்புற மெட்டுகளிலே பாடல் புனைந்து மேடைகளிற் பாடினார். படிக்கத் தெரியாதவனுக்குப் பத்திரிகை எட்டாது; பாட்டு எட்டும். இதை அவ்வம்மையார் நன்குணர்ந்திருந்தார்.

பிரேஸ்கேடில் வழக்கு

இனி, இலங்கைப் பேச்சுரிமை வரலாற்றிலே தலையாயதாகப் போற்றப்படும் வழக்கிற்கு வருவோம். அது நம் அயலிலேயே முளைத்தது. நம் எல்கடுவவைப் போலவே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், வத்துகாமத்துக்கு அப்பால் அமைந்துள்ளது மடுல்கலை. அங்கேயுள்ள றெலுகாஸ் தோட்டத்துக்கு 1936ஆம் ஆண்டிலே தேயிலைத் தொழில் பழகவென்று ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்பது அவர் பெயர். 1912இல் இலண்டனிற் பிறந்து, அவுஸ்திரேலியாவிலே வளர்ந்தவர். சின்னத்துரையாகி, பின் பெரிய துரையாகி, பங்களாவிலே வாழ்வதற்குரிய வழி அவருக்குத் திறந்திருந்தது.

ஆனால் அவர் கண்கள் லயங்களைக் கண்டன. தொழிலாளரோடு அவர் சகோதரபாவத்துடன் பழகினார். தகராறு ஏற்பட்டபோது அவர்கள் பக்கம் நின்றார். வெள்ளையர் ஒருவர் கூலிகளோடு சமமாகப் பழகுவதைத் தோட்டத்துரைமார் சமூகம் பொறுக்குமா? அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நீங்கியவர் கப்பலேறவில்லை, 1935 டிசம்பரில் தோன்றியிருந்த லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார்.

1937 ஏப்பிரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டியிலே பெருங்கூட்டமொன்று நடைபெற்றது. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையார் அதிற் பேசினார். கலாநிதி என். எம். பெரேரா, பிரேஸ்கேடிலைக் கூட்டத்தாருக்கு அறிமுகஞ் செய்து வைத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் கூடியிருந்த அவ்விடத்தில், அவ்வெள்ளை இளைஞர் மலைகளின் பக்கம் கையைக் காட்டி, தோட்டத்துரைமாரின் சுரண்டலைக் கண்டித்துப் பேசினார். தோட்டத்துக்குள்ளே பேச முடியாததைத் தோட்டத்தை நோக்கிக் கைகாட்டிப் பேசினார் என்க.

துரைமார் கலங்கினர். தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ், பிரேஸ்கேடிலை நாடுகடத்தும் கட்டளையிற் கையொப்பமிட்டார். ஏப்பிரல் 22ஆந் திகதி அக்கட்டளை அவரிடம் கொடுக்கப்பட்டது. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள், 24ஆந் திகதி மாலை ஆறு மணிக்குமுன், ‘மூல்தான்’ என்னும் கப்பலில் ஏறிவிட வேண்டுமென்பது ஆணை. அவர் ஏறவில்லை, தலைமறைவானார். அவ்வாண்டு மே தின ஊர்வலத்திலே, பிரேஸ்கேடில் எங்களுக்கு வேண்டும், ஸ்டப்ஸையே நாடு கடத்துங்கள் என்ற முழக்கம் எழுந்தது.

மே 5ஆந் திகதி, உள்நாட்டு அமைச்சரின் ஆலோசனையைப் பெறாது தேசாதிபதி கட்டளையிட்டமையைக் கண்டிக்கும் பிரேரணை அரசாங்க சபையிலே கொண்டுவரப்பட்டு, 34க்கு 7 என்ற வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிற்று. அன்றே காலிமுகத்திடலில் ஐம்பதினாயிரம் மக்கள் திரண்ட கூட்டம் நடைபெற்றது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தலைமை வகித்தார். பிலிப் குணவர்த்தனா, ஏ. ஈ. குணசிங்கா, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா முதலியோர் பேசினர். நடேசய்யரின் துணைவியாரும் அம்மேடையிற் பேசினார் என்பது நமக்குப் பெருமை தருவது. கட்சி பல, கொள்கை பல; ஆயினும் ஒருவனைப் பேசியதற்காக நாடுகடத்தலாகாது என்பதில் யாவரும் ஒரே குரலினர். பொலிசார் தேடிக்கொண்டிருந்த பிரேஸ்கேடில் அந்த மேடையிலேயே தோன்றினார்!

சில நாளில் அவர் கைது செய்யப்பட்டார். உடனே ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நாட்டின் தலைசிறந்த நியாயவாதிகளுள் ஒருவரான எச். வி. பெரேரா ஊதியம் பெறாது வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையிலான மூன்று நீதியரசர்கள் விசாரித்து, மே 18ஆந் திகதி பிரேஸ்கேடிலை விடுதலை செய்தனர்.

தீர்ப்பின் சாரம்

இத்தீர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பலர், பேச்சுரிமையை நீதிமன்றம் நிலைநாட்டியது என்று மட்டும் சொல்லிவிட்டுச் செல்வர். தீர்ப்பின் நுட்பம் அதனினும் ஆழமானது. 1937இல் இலங்கையில் அடிப்படை உரிமை எதுவும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே, பேச்சுரிமை என்ற பெயராற் கட்டளையைத் தள்ள நீதிமன்றத்துக்கு வழியில்லை. நீதியரசர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டனர்: தேசாதிபதிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

1896ஆம் ஆண்டின் மன்னர் சபைக் கட்டளை ஒன்றை அரசு காட்டியது. யுத்தம் முதலிய பேராபத்துக் காலத்துக்கென ஆக்கப்பட்ட கட்டளை அது. அமைதி நிலவும் காலத்தில், ஒருவர் பேசிய பேச்சுப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பயன்படுத்த முடியாது என்று மன்று கூறிற்று. தேசாதிபதியே கையொப்பமிட்டாராயினும், ஒருவரைச் சிறைப்பிடித்தது சட்டப்படி சரியா என்று ஆராய நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டென்றும் உறுதிப்படுத்திற்று.

நாட்டுக்கு ஆபத்து வரும்போது அரசுக்குச் சில விசேட அதிகாரங்கள் வேண்டும். அதை எவரும் மறுக்கார். ஆனால் நெருப்பணைக்க வைத்த தண்ணீரை எடுத்து அடுப்பை அணைத்தலாகாது. இந்த ஒரு கொள்கையை மனத்திற் கொண்டால், பிற்காலத்தில் இந்நாட்டிலே எழுந்த பேச்சுரிமைப் பிணக்குகள் பலவற்றை நாம் எளிதில் எடைபோடலாம்.

பிரேஸ்கேடில் 1937இன் இறுதியில் தாமாகவே நாட்டைவிட்டுச் சென்றார். 1999இல் இலண்டனிற் காலமானார். அவர் பெயர் சட்ட நூல்களில் நிலைத்தது. எவருடைய துன்பத்தை அவர் பேசினாரோ, அந்தத் தொழிலாளரின் நிலை என்னாயிற்று?

ஏட்டில் ஏறிய உரிமை

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. சோல்பரி அரசியலமைப்பில் அடிப்படை உரிமை அத்தியாயம் இருக்கவில்லை. அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், பாராளுமன்றத்திலே தன் குரலை இழந்தது. 1952இல் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அதுவே அன்று எஞ்சியிருந்த பேச்சு. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

1972 மே 22ஆந் திகதி குடியரசு அரசியலமைப்பு வந்தது. அதை ஆக்கிய அமைச்சர் யார்? 1937இல் காலிமுகத்திடற் கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதே கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. பேச்சுரிமை முதன்முறையாக இந்நாட்டின் அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. உரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்கள் நெடுகப் பட்டியலிடப்பட்டன. தேசியப் பொருளாதாரமும் அவற்றுள் ஒன்று. இரண்டாவது, உரிமை ‘பிரசை’க்கு மட்டுமே வழங்கப்பட்டது. நாவலப்பிட்டியிற் கூடிக் கேட்ட அந்த மக்களின் பிள்ளைகளுட் பலர் பிரசைகளாக இருக்கவில்லை!

1978 செப்டெம்பர் 7ஆந் திகதி இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் உறுப்புரையின் முதற்பந்தி, பிரசை ஒவ்வொருவருக்கும் பேச்சுச் சுதந்திரமும், வெளியீடு உள்ளிட்ட கருத்துவெளியீட்டுச் சுதந்திரமும் உண்டு என்கின்றது. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாக மனுச் செய்யவும் வழி வகுக்கப்பட்டது. இவையெல்லாம் சிறப்பானவை. ஆயினும் அதே 14ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியை நம் இளைஞர் படித்திருப்பரோ என்பது ஐயம். வேறெந்த நாட்டினதும் பிரசையாக இல்லாது, இலங்கையிலே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசித்து வருபவர்களுக்கு இவ்வுரிமைகள் பத்தாண்டுகளுக்கு உண்டு என்று அது கூறியது. பத்தாண்டுகளுக்கு மட்டும்! நாடற்றவராய் நின்ற நம் மக்களைக் கருதியே எழுதப்பட்ட பந்தி அது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்தவர்க்கு வாய் திறக்கும் உரிமை தவணைக்கு வழங்கப்பட்டது. தவணை 1988 செப்டெம்பரிலே முடிந்தது. அதே 1988இல் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோரின் குறையையும் தீர்க்க வழிசெய்தது. எனவே, இன்று எல்கடுவத் தோட்டத்து லயத்திலே பிறக்கும் குழந்தைக்குள்ள பேச்சுரிமை, கொழும்பிலே பிறக்கும் குழந்தைக்குள்ளதற்கு எள்ளளவும் குறைந்ததன்று. இந்நிலையை அடைய 1948இலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

எல்லை யாது?

நிற்க. உரிமை உண்டெனின் எல்லையும் உண்டு. 15ஆம் உறுப்புரை அதை வகுக்கின்றது. இன, சமய ஒற்றுமை, பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, மானநட்டம், குற்றஞ் செய்யத் தூண்டுதல், மேலும் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் முதலியன பற்றிச் சட்டத்தால் மட்டுப்பாடுகள் விதிக்கப்படலாம். 10ஆம் உறுப்புரை கூறும் சிந்தனைச் சுதந்திரத்துக்கும் சமயச் சுதந்திரத்துக்கும் இத்தகைய மட்டுப்பாடு இல்லை. நினைப்பதற்கு எல்லையில்லை, நினைத்ததை வெளியிடுதற்கு எல்லையுண்டு என்பதே கருத்து.

அயல்நாடான இந்தியாவிலும் இப்பிரச்சினை எழுந்தது. ‘குறோஸ் றோட்ஸ்’ என்னும் பத்திரிகை சென்னை மாகாணத்துள் வருவதை அம்மாகாண அரசு தடுத்தது. 1950 மேயில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. மறு ஆண்டே இந்தியா தன் அரசியலமைப்பைத் திருத்தி, பொது ஒழுங்கு முதலிய புதிய எல்லைகளைச் சேர்த்தது. ஆனால் அவ்வெல்லைகள் ‘நியாயமான’ மட்டுப்பாடுகளாக இருத்தல் வேண்டுமென்ற ஒரு சொல்லையும் உடன் சேர்த்தது. நம் 15ஆம் உறுப்புரையில் அச்சொல் இல்லை. ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் மக்களின் வாழ்வை எவ்வளவு பாதிக்கும் என்பதை வழக்குமன்றம் சென்றவர் அறிவர்.

ஆயினும் நம் நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. பொலிசாரின் அனுமதியின்றித் துண்டுப் பிரசுரம் வழங்கலாகாது என்ற அவசரகால விதியொன்றை, பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா தலைமையிலான மன்று 1987இல் செல்லாததாக்கிற்று. பொலிசார் தம் மனம்போலக் கொடுக்கவும் மறுக்கவும் கூடிய அனுமதி, பேச்சுரிமைக்குப் பகை என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1992 ஜூலை 1ஆந் திகதி எதிர்க்கட்சிகள் ‘ஜன கோஷா’ என்னும் போராட்டத்தை நடத்தின. நண்பகலிலே மணியடித்தும், பாத்திரந் தட்டியும், மேளங் கொட்டியும் மக்கள் தம் எதிர்ப்பை ஒலியாற் காட்டினர். மேளம் அடித்த பிரதேச சபை உறுப்பினர் ஒருவரைப் பொலிசார் தடுத்தனர். 1993இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வழங்கிய தீர்ப்பிலே, மேளவொலியும் கருத்துவெளியீடே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. தப்பின் ஒலியாலே பிறப்பையும் இறப்பையும் திருவிழாவையும் ஊருக்கறிவித்து வந்த நம் மக்களுக்கு இத்தீர்ப்புப் புதிராகத் தோன்றாது.

இவ்வழக்குகள் அரசு எல்லையை மீறியதைக் காட்டுவன. பேசுவோர் எல்லையை மீறும்போது விளைவதையும் மறத்தலாகாது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களை நம் முதியோர் மறந்திலர். வதந்தியும் வெறிப்பேச்சும் முன்னே செல்ல, தீப்பந்தம் பின்னே வந்தது. 1983 ஜூலையில் மாத்தளை நகரமும் தப்பவில்லை. 2018 மார்ச்சிலே திகனையில் முஸ்லிம் சகோதரர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது, கைத்தொலைபேசி வழியே பரவிய பகைமொழி எண்ணெய் வார்த்தது. இத்தகைய பேச்சுக்கும் சுதந்திரம் வேண்டுமென்று, அதனாற் சுடப்பட்ட சமூகத்தவராகிய நாம் எங்ஙனம் வாதிடுவோம்? குற்றஞ் செய்யத் தூண்டும் பேச்சுக்கு எல்லையிடுதல் பேச்சுரிமைக்குப் பகையன்று. அது எளியோரின் உயிருக்கு வேலி.

ஆனால் அவ்வேலியே பயிரை மேய்தலும் உண்டு. பகைமையைத் தூண்டுதலைத் தடுக்கும் பொருட்டு 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டது. நோக்கம் நன்று. 2019 ஏப்பிரலிலே, சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார எழுதிய சிறுகதையொன்று சமயத்தை இழிவுபடுத்துகின்றது என்ற முறைப்பாட்டின்மேல், அச்சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதம் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2021இல் விடுவிக்கப்பட்டார். எவரையும் அடிக்கச் சொல்லாத கதை அது. 1896ஆம் ஆண்டுக் கட்டளையை 1937இல் பயன்படுத்தியதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன? 2024இல் வந்த இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறித்தும் பலர் எழுப்பிய அச்சம் இதுவே.

ஆகவே, எல்லையொன்று முறையானதா என்று அறிய மூன்று கேள்விகளைக் கேட்போமாக. அவ்வெல்லை சட்டத்திலே தெளிவாக எழுதப்பட்டுளதா? எந்தத் தீமையைத் தடுக்க எழுதப்பட்டதோ, அதற்கு மட்டும் பயன்படுகின்றதா? மனம் புண்பட்டவரோ பதவியிலிருப்பவரோ தீர்மானிக்காது, நடுநின்ற நீதிமன்றம் தீர்மானிக்கின்றதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை வருமாயின் அவ்வெல்லைக்குக் கீழ்ப்படிதல் நம் கடமை. ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்ற விடை வருமாயின், அறவழியில் நின்று அதனை எதிர்த்தலும் நம் கடமையே.

நமக்குரிய கடமை

இவ்வுரிமையைப் பற்றி நம் மன்றத்து இளைஞர் கருத்தில் இருத்த வேண்டியவை சில உண்டு. அடிப்படை உரிமை மனு அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகவே செய்யப்படுவது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் கம்பெனி ஒருவரை வாய்மூடச் செய்தால், அதற்குத் தொழிற்சட்டமும் தொழிற்சங்கமுமே முதற் கேடயங்கள். எந்த வாயிலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவனுக்கு உரிமை இருந்தும் பயனில்லை. மேலும், 2015இன் 19ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையை 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. பாதை போடவும் வீடு கட்டவும் ஒதுக்கிய பணம் என்னாயிற்று என்று பிரதேச சபையைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். உண்மையை அறிந்து பேசுபவனின் பேச்சுக்கே வலிமையுண்டு; அறியாது பேசுவது வெறும் இரைச்சல்.

முதியோருக்கும் ஒரு விண்ணப்பம். கோயிற் கூட்டத்திலும் சங்கக் கூட்டத்திலும் வரவுசெலவுக் கணக்கைப் பற்றி ஓர் இளைஞன் எழுந்து கேட்டால், “சின்னப் பயலுக்கு என்ன பேச்சு” என்று அமர்த்திவிடும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? பெண்பிள்ளைகள் எழுந்து பேசுவது இன்னும் அரிதாயிருக்கின்றதே! துரை நம்மை வாயடைத்தார் என்று குறைகூறும் நாம், நம் பிள்ளைகளை வாயடைத்தல் நீதியாகாது. நக்கீரரை வணங்குபவர் கேள்விக்கு அஞ்சலாகாது. இளைஞரும், கேட்பது வேறு, ஏசுவது வேறு என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவரது மானத்தைக் குலைக்கும் செய்தியை ஆராயாது கைத்தொலைபேசியிற் பரப்புதல் புறங்கூறுதலே. கருவி புதிது, குற்றம் பழையது.

மடுல்கலையிலே தொழில் பழக வந்த அந்நிய இளைஞர் ஒருவர், நம் பாட்டன் பாட்டிமாருக்காக 1937இல் வாய் திறந்தார். அவர்களால் அன்று தாமே பேச முடியவில்லை. அன்று அவர்களுக்கு ஏட்டில் எழுதிய உரிமையும் இல்லை, கூட்டங் கூட ஒரு திடலும் இல்லை. இன்று நமக்கு இவை யாவும் உண்டு. வேறொருவர் வந்து நமக்காகப் பேசுவார் என்று காத்திருக்க இனிக் காரணமில்லை. உண்மையை ஆராய்ந்து, அஞ்சாது, பிறர் நெஞ்சு புண்படாது, சபையிலே எழுந்து நின்று பேசப் பழகுவோமாக. நம் மன்றத்தின் மேடையிலேயே அப்பயிற்சி தொடங்குவதாக.

வாழ்க தமிழ்! வளர்க சைவநெறி! ஓங்குக நம் மன்றம்!